பூசைப்பெட்டியும் பதினாறு நாளும்

என் அண்ணன் சிவனடி சேர்ந்து ஓராண்டு நிறைகிறது. இந்நினைவு மலரைக் கையில் ஏந்தியிருக்கும் உங்களுள் பலர் அவரைப் பேராசிரியர் என்றும், பெரியவர் என்றும் அழைத்துப் பழகியவர்கள். அண்ணன் என்று அழைக்கும் உரிமை எனக்கு ஒருவனுக்கே இருந்தது. அவ்வுரிமையைப் பிறரோடு பகிர்ந்துகொள்ள நான் என்றுமே விரும்பியதில்லை.

மயிலாப்பூரில், தெப்பக்குளத்துக்குத் தெற்கே ஒரு சந்தில் பிறந்தவர் அண்ணன். நீதிமன்ற எழுத்தராயிருந்த எங்கள் தந்தையார், அண்ணன் கல்லூரியில் சேர்ந்த ஆண்டிலேயே காலமானார். பகலில் கல்லூரி, மாலையில் அடையாற்று வீடுகளில் தனிப்பயிற்சி என உழைத்து, அண்ணன் தாமும் படித்தார், என்னையும் படிக்கவைத்தார். பின்னாளில் அவர் இயற்பியல் கற்பித்தார். நான் தமிழ் கற்பித்தேன். இருவரும் பேராசிரியர்களே. ஆயினும் கோயில் வாயிலில் பூ விற்கும் பெண்மணிக்கு நான் யார்?

"நீ சயின்ஸ் சாரு தம்பிதானே? பெரியவரு இன்னா வர்ல, ஒடம்பு சரியில்லியா? இந்தா, அவரு பூவ எடுத்துக்கினு போ."

எனக்கென்று ஒரு முழம் அவர் எடுத்துவைத்ததே இல்லை.

எங்கள் குடும்பத்தில் வழிவழியாக ஒரு பூசைப்பெட்டி உண்டு. சிறிய தேக்குமரப் பெட்டி. உள்ளே கட்டைவிரல் அளவில் ஒரு பளிங்குச் சிவலிங்கம். அதனை நாள்தோறும் நீராட்டி, மலரிட்டு, பதிகம் பாடி வழிபட வேண்டும். வைத்திருப்பவர், தமக்குப் பின் அது யாரிடம் சேரவேண்டும் என்பதைத் தம் வாயால் சொல்லிச் செல்வது எங்கள் மரபு. தந்தையாருக்குப் பின் அண்ணன் கைக்கு வந்தது. அண்ணியார் படுக்கையில் கிடந்த நெடுங்காலத்திலும், அவருக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு, வாய் துடைத்துவிட்டு, அதன் பிறகே அண்ணன் பெட்டியைத் திறப்பார்.

"சயின்ஸ் படிச்சுட்டு மணி அடிக்கறீங்களே சார்?" என்று மாணவர் ஒருவர் கேட்டபோது, "அடிச்சா சத்தம் வருதில்லப்பா, அதுவும் நம்ம பாடந்தான்" என்றார்.

அண்ணியார் மறைந்தபின், அண்ணனின் ஒரே மகளும் மாப்பிள்ளையும் மயிலாப்பூர் வீட்டுக்கே வந்துவிட்டனர். மாப்பிள்ளை தியாகராய நகரில் துணிக்கடை நடத்தும் நெல்லைக் குடும்பத்தவர். பூசையில் அண்ணனுக்கு அருகே அமர்ந்து, சேலை அடுக்குவதுபோல் வில்வம் அடுக்குவார். பதிகத்தில் பாதி அடிகளை விழுங்கிவிடுவார். நான் ஆதம்பாக்கத்திலிருந்து பறக்கும் ரயிலேறி வந்து சேர்வதற்குள் விளக்குக் காட்டி முடித்திருப்பார்கள்.

"வாங்க சின்ன மாமா, டிரெயின் லேட்டா?" என்று திருநீற்றுத் தட்டை நீட்டுவார். நான் பிறந்த வீட்டில் என்னை வரவேற்பவர் அவர்!

இதயம் தளர்ந்து மருத்துவமனையிலிருந்து திரும்பிய அண்ணன், பெட்டி மாப்பிள்ளைக்கு என்று அறிவித்தார். நான் பொறுக்கமாட்டாமல் கேட்டேன்.

"ஏண்ணே, முறைப்படி தீட்சை வாங்கினவன் நான். பதிகம் அத்தனையும் மனப்பாடம். அவருக்கு அப்பளம் பொரியற நேரம்கூட ஒரு இடத்துல உக்கார முடியாது. அவருக்கா?"

"பொறாமையாடா?"

"ஆமா."

அண்ணன் சிரித்தார். "அப்பா போனப்போ பெட்டி எத்தனை நாள் மூடிக் கெடந்தது?"

"பதினாறு நாள். நமக்குத் தீட்டு இருந்ததே."

"நான் போனா உனக்கு?"

நான் பெட்டியைத் திரும்பிப் பார்த்தேன்.

"நீ பங்காளி. உனக்குப் பதினாறு. மாப்பிள்ளை வேற குடும்பம், அவருக்கு மூணோட தீந்தது. நாலாம் நாள் குளிச்சுட்டு விளக்கேத்திடுவார். கணக்கு சரியா, தமிழையா?"

அக்கணக்கில் பிழை காண இன்றுவரை என்னால் இயலவில்லை. பொறாமையும் தணியவில்லை.

அண்ணனின் இறுதி நாளில் பதிகம் பாடியவன் நான். அவர் கையைப் பற்றியிருந்தவர் மாப்பிள்ளை. இடம் மாற்றிக்கொள்வோமா என்று கேட்க எண்ணினேன். பாட்டு முடியுமுன்பே மூச்சு அடங்கிற்று.

மகன் இல்லாத அண்ணனுக்கு இறுதிக்கடன் என் கையால் நடந்தது. நான்காம் நாள் காலையில் மாப்பிள்ளை நீராடி, பூசையறைக்குள் சென்று பெட்டியைத் திறந்தார். தீட்டுக்குரிய நான் மழிக்காத முகத்துடன் கூடத்தில் அமர்ந்திருந்தேன். உள்ளே மணி ஒலித்தது. வாழ்நாளில் வேறெவர் மீதும் நான் அத்துணைப் பொறாமை கொண்டதில்லை.

பூசை முடிந்து வெளியே வந்த மாப்பிள்ளை, எனக்கு எதிரே வெறுந்தரையில் அமர்ந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"நீங்க குடுத்துவச்சவங்க சின்ன மாமா."

"என்ன கிண்டலா? பெட்டி உங்ககிட்ட இருக்கு."

"பெட்டி இருக்கு மாமா. ஆனா அவருக்காக எனக்கு மூணே நாளுன்னு முடிச்சுட்டாங்களே. நாளைக்குக் கடை தொறக்கணும். வர்றவங்ககிட்ட சிரிச்சுச் சேலை விரிச்சுக் காட்டணும். நீங்க பதினாறு நாளும் அவருக்காகவே உக்காந்திருக்கலாம். உங்களைப் பாத்தா எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு."

நான் நகர்ந்து, சுவரோரம் சாய்ந்துகொள்ள அவருக்கு இடம் விட்டேன்.

அண்ணனின் நோய்க்காலத்தில் வீடு தேடி வந்த மருத்துவருக்கும், எங்களுக்கு உணவளித்த அண்டை வீட்டாருக்கும், பாடையைத் தோள்மாற்றிச் சுமந்த அண்ணனின் மாணவர்களுக்கும் எம் குடும்பத்தின் நன்றி உரியது. ஓராண்டாக ஒரு நாளும் தவறாமல் விளக்கேற்றி வரும் மாப்பிள்ளைக்கு என் தனி நன்றி. பெட்டியைத் தருகிறேன், மாற்றாக அந்தப் பதினாறு நாளில் ஒன்றைத் தாருங்கள் என்று அவர் கேட்டிருந்தாலும், நான் கொடுத்திருக்கமாட்டேன்.

தம்பி