களத்துக் கொம்பில் மாட்டிய சட்டை

மெஹராஜ் பேகம், பிறப்பு 1931, நாகப்பட்டினம். கணவர் அப்துல் வஹாப் பினாங்கில் கடை வைத்திருந்தவர்; 1966இல் அங்கேயே காலமானார். வெட்டாற்றின் தென்கரையில் ஒன்றரை வேலி, அதாவது பத்து ஏக்கர், நஞ்சை. ஒரே மகள் கமருன்னிஸா. 1970 செப்டம்பரில், குறுவை அறுவடையின் நடுவே, கூலி நெல்லை உயர்த்தக் கேட்டு ஆட்கள் வேலையை நிறுத்தினர். அக்டோபரில் அவருடைய வைக்கோல்போர் எரிந்தது. எரித்தவர் யாரென்று தெரியவில்லை. டிசம்பரில் துப்பாக்கி உரிமம் கிடைத்தது.

தஞ்சாவூர்க் கடையில் இரட்டைக்குழல் கைக்குக் கனத்ததால் ஒற்றைக்குழலைத் தேர்ந்தார். தோட்டா எதற்கென்று கடைக்காரர் கேட்டபோது, வீட்டுக் காவலுக்கு என்றார்.

“கொக்குக்குன்னா சின்ன ரவை போதும்மா. ஆளுக்குன்னா பெரிய ரவை. எது வேணும்?”

‘ஆளுக்கு’ என்று அவர் வாயால் சொல்லவில்லை. பெரிய ரவைப் பெட்டியை விரலால் காட்டினார்.

சுட்டுப் பழகக் களத்தில் ஒரு வைக்கோல் பொம்மை கட்டினார். ஆள் உயரம் இருக்க வேண்டும் என்று எண்ணியபோது, கை தானாகவே ஓர் உயரத்தைக் காட்டி நின்றது. வீட்டில் ஆண்கள் இல்லை. பதினோரு ஆண்டுகளாக வாசலில் வந்து நின்று வேலை கேட்டுப்போன தங்கையனின் உயரம் அது. பொம்மைக்குச் சட்டையும் தேவைப்பட்டது. வயலில் இறங்குமுன் ஆட்கள் சட்டையைக் கழற்றிவிட வேண்டும் என்பது அவ்வூர் வழக்கம். வேலையை நிறுத்திவிட்டுக் கோபத்தோடு போன அன்று தங்கையன் மாட்டியது மாட்டியபடியே விட்டுப்போன நீலச் சட்டை களத்துக் கொம்பில் தொங்கியது. பெருநாளுக்கு மெஹராஜ் பேகமே எடுத்துக்கொடுத்த துணி. பழசுதானே என்று பொம்மைக்கு மாட்டினார். மூன்று தோட்டாக்கள் சுட்டார்; ஒவ்வொன்றும் பல ரவைகளாகச் சிதறிப் பாய்ந்தது. மூன்றாவது சுடும்போது கை நடுங்கவில்லை. பிற்காலத்தில் மகளிடம் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

பொங்கல் கழிந்து, கூலி ஒப்பந்தமான செய்தியோடு தங்கையன் நண்பகலில் வந்தார். திங்களன்று சம்பா அறுப்புக்கு ஆட்கள் வருவார்கள் என்றார். பிறகு களத்தைப் பார்த்தார். அருகே போய்ச் சட்டையைத் தடவினார்.

“நெஞ்சுலயே பட்டிருக்கு. நல்லாப் பழகிட்டீங்கம்மா.”

“உன்னை நெனச்சுச் சுடல, தங்கையா.”

“வேற யாரை நெனச்சீங்க?”

மெஹராஜ் பேகம் புதுச் சட்டை எடுத்துத் தருவதாகச் சொன்னார். நீங்கள் கொடுத்ததுதானே, இதுவே போதும் என்று தங்கையன் பொம்மையிலிருந்து அதைக் கழற்றிக்கொண்டு போனார்.

திங்களன்று அதைப் போட்டுக்கொண்டு வந்தார். மற்றவர்கள் சட்டையை வரப்பில் வைத்துவிட்டு இறங்கினர்; அவர் கழற்றவில்லை. போட்டுக்கொண்டே அறுத்தார். மறுநாளும் அப்படியே. மெஹராஜ் பேகம் கழற்றச் சொல்லவில்லை. பக்கத்துப் பண்ணைக்காரர் வந்து கண்டிக்கச் சொன்னபோதும் கண்டிக்கவில்லை. அறுப்பு முடியுமுன், நாகப்பட்டினம் காவல் நிலையத்தில் துப்பாக்கியை ஒப்படைத்தார். அதைத் தங்கையனிடம் சொல்ல இரண்டு முறை களத்துக்குப் போய், சொல்லாமல் திரும்பினார்.

கடைசி நாள் கூலி நெல்லை அவரே மரக்காலால் அளந்தார். தங்கையன் சாக்கை விரித்துப் பிடித்துக்கொண்டு எதிரே நின்றார். அளவு இருமுறை தவறியது. முதலிலிருந்து அளக்க வேண்டியிருந்தது. நெல்லை அவர் எண்ணிக்கொண்டிருக்கவில்லை.

சட்டையின் முன்பக்கத்தில் பத்தொன்பது துளைகள்.