பனி நாட்டு ராணியின் வெள்ளை

அம்மாவின் படுக்கை விரிப்பைத்தான் நான் பனி நாட்டு ராணிக்குப் போர்த்திவிட்டேன். சென்னையில் ஒரு அனிமேஷன் ஸ்டுடியோ வேலைக்கு எடுக்கும் முன் வைத்த தேர்வு அது. கம்ப்யூட்டரில் ஒரு கற்பனை ராணியை உருவாக்க வேண்டும். முழுக்க வெள்ளை உடை, பின்னால் நீண்ட மேலங்கி. அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் பெர்மனென்ட் தொழிலாளி. ஐந்து மாதத்தில் ஓய்வு, ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அதற்குள் எனக்கு வேலை கிடைத்துவிட்டால் மூவரும் சென்னைக்குப் போய்விடலாம் என்பது திட்டம். கிடைக்காவிட்டால் என்ன என்று வீட்டில் யாரும் கேட்பதில்லை. கேட்டால் நான் எரிந்து விழுவேன் என்று தெரியும்.

துணியை அசைய வைப்பதுதான் இந்த வேலையில் பெரும்பாடு. கனம், விறைப்பு, காற்றின் வேகம் எல்லாவற்றையும் எண்ணாகக் கொடுத்தால் மென்பொருள் துணியைத் தானாக மடித்து விழவைக்கும். அப்படித்தான் சொல்கிறார்கள். என் ராணியின் மேலங்கியோ தோளுக்குள் புகுந்து வயிற்று வழியாக வெளியே வந்தது. கீபோர்டைத் தள்ளிவிட்டு ஜன்னலைப் பார்த்தேன். தோட்டத்தில் அம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

அது தனிச் சடங்கு. முதலில் வாசலில் நின்று அனல்மின் நிலையப் புகைபோக்கிப் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பாள். எங்கள் பிளாக் பக்கம் சாய்ந்தால் அன்று வெள்ளைத்துணி வெளியே வராது. பிறகு கொடியை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஈரத்துணியால் துடைப்பாள், துணி கறுத்துவிடும். அதற்கப்புறம்தான் சொட்டுநீலம் போட்டு அலசிய விரிப்பு கொடியேறும். வெள்ளை வெளுப்பதில் பிளாக்கில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அம்மாவுக்கு ஒரு கர்வம். எனக்கும் அந்தக் கர்வம் உண்டு.

விரிப்பு காற்றில் உப்பி, அடங்கி, ஓரம் சுருண்டு திரும்புவதைப் போனில் பிடித்தேன்.

“இன்னாடி, துணியப் போயி படம் புடிச்சிகினு கீற?”

“உன் விரிப்புதாம்மா ராணிக்கு மேலங்கி.”

மாலைக்குள் அக்கம்பக்கத்துக் குவார்ட்டர்ஸ் எல்லாவற்றுக்கும் செய்தி போய்விட்டது.

அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்து மடிப்புகளைச் சரிசெய்தேன். நிறத்தையும் அதிலிருந்தே எடுத்தேன். வெள்ளைக்கு வேறு எங்கே போவது?

வீடியோ காலில் ஸ்டுடியோக்காரர் வெகுநேரம் படத்தைப் பார்த்தார். “துணி பிரமாதமா விழுந்திருக்குங்க. ஆனா வெள்ளை ஏன் இவ்ளோ அழுக்கா இருக்கு? பனி நாட்டு ராணி மாதிரி இல்லீங்க, சுரங்கத்துலேர்ந்து ஏறி வந்தவங்க மாதிரி இருக்காங்க. மூணு நாள்ல சரிபண்ணி அனுப்புங்க.”

நான் எந்த ஊர் என்று அவருக்குத் தெரியாது. தெரியாமல் சொன்னதற்குக் கோபப்பட முடியாது என்பதே எனக்கு ஆத்திரமாக இருந்தது. என்ன சொன்னார்கள் என்று அம்மா கேட்டாள். “லைட்டிங் சரியில்லையாம்” என்றேன்.

நானும் முதலில் அப்படித்தான் நம்பினேன். இரண்டு நாள் வெளிச்சத்தோடு மல்லுக்கட்டினேன். சூரியனை இடம் மாற்றினேன், வானத்திலிருந்து நீல வெளிச்சம் கொடுத்தேன். கூட்டினால் மடிப்பெல்லாம் அழிந்து மேலங்கி மொத்தையாக வெளுத்துப்போனது. குறைத்தால் பழைய அழுக்கு. மூன்றாம் நாள் காலை பஸ் பிடித்து வடலூர் போய் நான்கு முழம் வெள்ளைத்துணி வாங்கிவந்தேன். அதைக் கொடியில் அம்மாவின் விரிப்புக்குப் பக்கத்தில் போட்டேன். அந்த முட்டாள்தனத்தை வீட்டுக்குள்ளேயே செய்து தொலைத்திருக்கலாம்.

புதுத்துணி வெள்ளையாக இருந்தது. விரிப்பு பழுப்பும் சாம்பலும் கலந்து கிடந்தது. பிறந்ததிலிருந்து நான் வெள்ளை என்று சொல்லிவந்த நிறம் அது. திரும்பினால், பின்னால் அம்மா வாளியோடு நிற்கிறாள்.

“அப்ப லைட்டு இல்ல. துணிதானா?”

நான் புதுத்துணியைக் கொடியிலிருந்து அவசரமாக இழுத்தேன்.

“இத்தினி வருஷமா இதையா வெள்ளன்னு விரிச்சிகினு இருந்தேன்? வூட்டுக்கு வந்தவங்கல்லாம் இதுலதான ஒக்காந்தாங்க.”

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனாலும் புதுத்துணியைப் படமெடுத்து, நிறத்தை மாற்றி, அன்றே அனுப்பினேன். வேலை கிடைத்தது. அம்மா “நல்லதுடி” என்றாள், அவ்வளவுதான். அன்றிலிருந்து விரிப்புகள் ஹாலில் ஃபேனுக்கடியில் காய்ந்தன. வீடு முழுக்க ஈரவாடை. நான் சென்னைக்குக் கிளம்பும் ஏற்பாட்டில் இருந்ததால், தோட்டத்தில் அம்மா என்ன செய்கிறாள் என்று கவனிக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து என் கையைப் பிடித்துத் தோட்டத்துக்கு இழுத்துப் போனாள். வடலூர்த் துணி கொடியில் தொங்கியது. தினமும் அதை அலசி, அதே நீலம் போட்டு, கொடியைத் துடைத்து, புகை பார்த்து, அங்கேயே காயப்போட்டிருக்கிறாள். தோளில் கிடந்த பழைய விரிப்பை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க நான் கிட்டே போக வேண்டியிருந்தது.

“பாத்தியா? ஏங் கை இல்லடி. காத்து.”

கோர்ட்டில் விடுதலையானவள் முகம் அது. நானும் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். தினமும் அலசுகிற துணிக்கு ஒரு மாதத்தில் இது. அப்பா முப்பது வருடம் இதே காற்றை இழுத்துக்கொண்டு சுரங்கத்தில் இறங்கி ஏறியவர்.

முதல் ஷிஃப்ட் முடிந்து அப்பா அப்போதுதான் வந்தார். சைக்கிளைச் சாத்திவிட்டு, கொடியில் கிடந்த வடலூர்த் துணியை உருவி முகத்தையும் கழுத்தையும் துடைத்தார். துடைத்துவிட்டு அதை விரித்துப் பார்த்தார்.

“புதுசா? சும்மா வெள்ளவெளேர்னு இருக்கே.”

அம்மா என்னைப் பார்த்தாள்.

“ஆமாங்க, புதுசு” என்றாள் அம்மா.