அப்பளசாமியின் தீப்பெட்டிப் பட்டாளம்

"யாரும் வாயத் தொறக்கக் கூடாது! கடுதாசிதான்லா, கடுதாசி!" என்று கத்திக்கொண்டே, கலும்பாங் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்து மண்டபத்தில் பழைய சேலைகளைத் திரையாகக் கட்டினார் அப்பளசாமி. திரைகளுக்கிடையே மூன்று மேசைகள். ஒவ்வொன்றிலும் ஒரே ஆற்று வரைபடத்தின் ஒரு துண்டு; நடுத் துண்டில் ஒரு பாலம். தீப்பெட்டிகள் நம் வீரர்கள். புளியங்கொட்டைகள் எதிரி; அவற்றை நகர்த்துவது அவர் மட்டுமே.

1963இல் படையில் சேர்ந்து இருபது ஆண்டு ரேடியோ சுமந்தவர். இப்போது தோட்டத்து ஸ்டோரில் கணக்கு எழுதும் கிராணி. ஞாயிறுகளில் தொண்டூழியப் படைக்குப் பயிற்சி தருகிறார். அடுத்தவர் டீக்கு எத்தனை கரண்டி சீனி என்பதைக்கூட அவர்தான் முடிவு செய்வார். அந்த மனிதர் கண்டுபிடித்திருக்கும் விளையாட்டோ, மேலிடம் வாயைக் கட்டினால்தான் பட்டாளம் பிழைக்கும் என்று காட்டுவது! மேசைக்கு மேசை கடுதாசி சுமக்கும் என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஆனால் அன்று அது வெறும் விளையாட்டு இல்லை. தொண்டூழியப் படையின் கேப்டன் தேவதாஸ் பார்க்க வந்திருந்தார். அவர் ஒப்புக்கொண்டால் அடுத்த மாத ஆற்றுப் பயிற்சியில் அந்தந்தக் குழுவே முடிவெடுக்கலாம். இல்லையென்றால் அப்பளசாமியின் ஒரு வருட உழைப்பும் குப்பைக்குத்தான்.

முதல் ஆட்டத்தில் கேப்டனே தலைமையகம். மூன்று மேசைக்காரர்களும் எதற்கும் அவரைத்தான் கேட்க வேண்டும். ஒவ்வொரு கடிதமும் ஒரு நிமிடம் கழித்தே போய்ச் சேரும்; ரேடியோ தாமதமாம். பத்து நிமிடத்தில் அவர் முன்னால் பதினேழு கடிதங்கள். எட்டாவதைப் படிப்பதற்குள் பாலம் பறிபோனது.

"பாத்தீங்களா சார்! மூள ஒண்ணு, கேள்வி பதினேழு!" அப்பளசாமி குதிக்காத குறைதான்.

இரண்டாம் ஆட்டத்தில் கேப்டன் ஒரே வரி எழுதினார்: பாலத்தைக் காப்பாற்றுங்கள். அதன்பின் மேசைகள் ஒன்றுக்கொன்று நேராகவே எழுதிக்கொள்ளலாம். பாலம் இருந்த நடு மேசையில் பால்மரம் வெட்டும் தங்கமணி. இடது மேசையிலிருந்து 'இங்கே எதிரியே காணோம்' என்று துண்டு வந்தது. 'அப்ப ஒன் ஆளுல பாதிய இங்க அனுப்பு' என்று கிறுக்கினார் தங்கமணி. தீப்பெட்டிகள் வந்தன. புளியங்கொட்டைகள் பாலத்தை நெருங்கின. பாலம் தப்பியது!

"யாரு ஆர்டர் குடுத்தது?" கேப்டன் எழுந்தே விட்டார்.

"யாரும் குடுக்கல சார். நாங்களே செஞ்சிக்கிட்டோம்லா," என்றார் தங்கமணி.

"அடுத்த மாசம் ஆத்துல இதத்தான் செய்யப்போறோம். அப்பளசாமி, இத எல்லாருக்கும் வெளக்கிச் சொல்லுங்க," என்றார் கேப்டன்.

அப்பளசாமி வாயைத் திறந்தார். இனி ஒரு மணி நேரம் பேச்சுதான் என்று நான் சாய்ந்து உட்கார்ந்தேன். அவரோ வாயை மூடிக்கொண்டு, கரும்பலகையடியில் கிடந்த சாக்பீஸை எடுத்துத் தங்கமணியிடம் நீட்டிவிட்டு, கூட்டத்தோடு கூட்டமாகத் தரையில் சம்மணமிட்டார்.