கல் மண்டபத்தில் வரைந்த சிறகு

ஆவி, பேய் என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இன்றைக்கும் அப்படித்தான். அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன். ஆனால் நடந்தது நடந்ததுதான்.

நானும் கோமதியும் பாளையங்கோட்டையில் ஒன்றாகப் படித்தவர்கள். படிப்பு முடிந்ததும் சேர்ந்து கல்யாண வீடுகளுக்குப் படம் எடுக்க ஆரம்பித்தோம். பேச்செல்லாம் அவள் பார்த்துக்கொள்வாள், எனக்குப் பேச வராது, கேமரா வரும். அப்படித்தான் பாபநாசத்தில் ஒரு கல்யாணம் வந்தது. மணப்பெண் எங்கேயோ ஒரு படம் பார்த்திருக்கிறாள், இருட்டில் ஜோடி நிற்க, பின்னால் வெறும் வெளிச்சத்தாலேயே சிறகு வரைந்த மாதிரி. அதே போல எனக்கும் வேண்டும் என்றாள். கோமதி யோசிக்காமல் சரி என்று சொல்லிவிட்டாள். எங்கள் ரெண்டு பேருக்குமே அது எப்படி என்று தெரியாது.

கேட்டால் சுலபமாகத்தான் இருக்கும். கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, ஷட்டரை அரை நிமிஷம் திறந்தே வைத்து, அதற்குள் ஒருவர் இருட்டில் டார்ச்சை வீசி வரைய வேண்டும். வரைகிறவர் அசைந்துகொண்டே இருந்தால் படத்தில் விழமாட்டார், வெளிச்சம் போன தடம் மட்டும் விழும். நாங்கள் பழகியது கோமதி ஊருக்குப் பக்கத்தில். தாமிரபரணி அங்கே ஒரு வளைவு வளைகிறது, இந்தக் கரையில் நான் கேமராவோடு நிற்பேன், எதிர்க்கரையில் ஒரு பழைய கல் மண்டபத்தில் அவள் டார்ச்சோடு நிற்பாள். அவள் வீட்டிலிருந்து வாழைத்தோட்டம் வழியாக நேரே மண்டபத்துக்கு வந்துவிடலாம். தண்ணீர் சத்தத்தில் அவள் பேசுவது எனக்குக் கேட்காது, அதனால் தயார் என்றால் டார்ச்சை ரெண்டு தடவை அணைத்துப் போடுவாள். என் குரல் மட்டும் எப்படியோ அவளுக்குக் கேட்கும்.

முதல் நாள் எடுத்ததெல்லாம் ஒரே வெள்ளை. நிலா வெளிச்சம் இருக்கிற நாளில் ஷட்டரை அவ்வளவு நேரம் திறக்கக்கூடாது என்றுகூடத் தெரியவில்லை. அடுத்து அவள் வெளிர் நிறச் சுடிதாரில் வந்து, ஒவ்வொரு படத்திலும் மூன்று தலையோடு தெரிந்தாள். கறுப்பு உடுத்தி வந்தபோது ஃபோகஸ் போனது. தன் பெயரை எழுதிப் பார்த்தாள், கண்ணாடியில் தெரிகிற மாதிரி திரும்பி விழுந்தது. படம் பார்க்க அவள் ஆழமில்லாத இடமாகத் தண்ணீரில் இறங்கி இக்கரைக்கு வருவாள், ரெண்டு பேரும் மணலில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம். கடைசியில் எல்லாம் பிடிபட்டது, இடப்பக்கச் சிறகு மட்டும் கோணிக்கொண்டே வந்தது.

அப்போதுதான் கோமதி சொன்னாள், மாப்பிள்ளை வீட்டில் ஒரு துக்கம், கல்யாணத்தைத் தள்ளிவைத்துவிட்டார்களாம் என்று. நான் வருத்தப்பட்டேன். பரவாயில்லை, பழக நாள் கிடைத்தது, வெள்ளிக்கிழமை சாயங்காலம் வா என்றேன். அவள் கொஞ்சம் தயங்கி, "சரிட்டி, பாப்போம். முடிஞ்சா வாரேன்" என்றாள்.

வெள்ளிக்கிழமை நன்றாக இருட்டுகிற நேரம். கேமராவை நிறுத்திவிட்டு அவளுக்காகக் காத்திருந்தேன். எதிரே மண்டபத்தில் டார்ச் ரெண்டு தடவை அணைந்து எரிந்தது. வந்துவிட்டாள் என்று ஷட்டரைத் திறந்தேன். நம்பினால் நம்புங்கள், அவ்வளவு சுத்தமாக அவள் ஒருநாளும் வரைந்ததில்லை. நான் "இடது பக்கம் இன்னும் மேல போடுட்டி" என்று கத்தினால் அடுத்த படத்தில் அந்த வெளிச்சம் அப்படியே மேலே போகிறது. ஏழெட்டுப் படம் எடுத்தேன், கோணல் போயே போய்விட்டது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். போதும், இங்கே வா என்று கூப்பிட்டேன். வெளிச்சம் அணைந்தது. ஆளைக் காணவில்லை.

போன் போட்டேன். ரொம்ப நேரம் அடித்த பிறகு எடுத்தாள்.

"எங்கட்டி நிக்க?" என்றேன்.

"வீட்லதான்."

அவளுக்குப் பின்னால் நாதஸ்வரம் கேட்டது. மைக்கில் ஒருவர் மணமக்கள் பெயரைச் சொல்லி மேடைக்கு அழைத்தார். அதே பெண், அதே மாப்பிள்ளை. ஒன்றும் தள்ளிப்போகவில்லை. மறுநாள் முகூர்த்தம், அன்றைக்கு வரவேற்பு, கேமராவுக்குத் தன் சித்தி மகனை வைத்துக்கொண்டு (இது பிறகு கேள்விப்பட்டது) இவள் பாபநாசத்தில் நிற்கிறாள்.

அவள், "நீ வந்தா ஒவ்வொண்ணுக்கும் நேரம் எடுப்பட்டி, அவங்க அவசரப்படுதாங்க. நானே சொல்லணும்னுதான் இருந்தேன்" என்றாள். சிரித்துக்கொண்டே பழகின அத்தனை சாயங்காலமும் எதற்கு என்று கேட்கத்தான் நினைத்தேன். ஆனால் என் வாயில் வந்தது வேறு.

"அப்போ இங்கன லைட் அடிச்சது யாரு?"

நான் குத்திக்காட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள். "இப்படியெல்லாம் பேசாத" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

தலையைத் தூக்கிப் பார்த்தேன். மண்டபத்தில் வெளிச்சம் ரெண்டு தடவை அணைந்து எரிந்தது. தயாராம். ஸ்டாண்டை மடக்கக்கூட இல்லை, அப்படியே தோளில் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடினேன். ஸ்கூட்டரை எடுத்துத் திரும்பிப் பார்க்காமல் ஓட்டினேன், பயமா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை.

அதற்குப் பிறகு கோமதியோடு நான் வேலை செய்யவில்லை. அவள் இப்போது தனியாகக் கடை போட்டிருக்கிறாள், வாசலில் அந்தக் கல்யாணத்துச் சிறகுப் படம்தான் பெரிதாக மாட்டியிருக்கிறதாம். நான் அந்தப் பக்கம் போவதில்லை. என் கணவரிடம் சொன்னபோது, ஊர்ப் பையன் எவனாவது உங்களைத் தினமும் பார்த்துவிட்டு விளையாடியிருப்பான் என்றார். இருக்கலாம் என்றுதான் நானும் பல நாள் சொல்லிக்கொண்டேன்.

போன மாதம்தான் அந்தப் படங்களைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தேன். டார்ச் வெளிச்சம் பட்டு மண்டபத்துத் தூண்கள் மங்கலாகத் தெரிகின்றன, எங்கள் பழைய படங்களிலும் அப்படித்தான் தெரியும். ஆனால் இவற்றில் நடுத்தூண் முழுதாகத் தெரியவில்லை. அதற்கு முன்னால் ஒரு ஆள் அளவுக்கு இருட்டு, தலை, தோள், தொங்கவிட்ட கைகள். வரைகிறவர் அப்படி விழ வழியில்லை. அரை நிமிஷமும் மூச்சுக்கூட விடாமல் நின்றால்தான் அப்படி விழும். வெளிச்சம் அதன் முதுகுக்குப் பின்னால்தான் போய் வருகிறது, ரெண்டு தோளிலிருந்தும் சிறகு சரியாகக் கிளம்புகிறது.

வரைந்தது ஒருவர் என்றால், எல்லாப் படத்திலும் எனக்கு நேராக அசையாமல் நின்றுகொண்டிருந்தது இன்னொருவர்.