பஸ்ஸில் பழக்கம்

சமைக்கும்போது என் மகளுக்குப் பாட்டு வேண்டாம், கொலை வேண்டும். போனைக் குசினி மேசையில் சாய்த்து வைத்துவிட்டு, யாரோ இரண்டு பேர் சிரித்துச் சிரித்துப் பிணங்களைப் பற்றிக் கதைப்பதைக் கேட்டபடி வெங்காயம் வெட்டுவாள். அந்தச் சனிக்கிழமை காலையிலும் அப்படித்தான். நான் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன். 'விக்டோரியன் சீரியல் கில்லர்' என்று காதில் விழுந்தது. செத்த பெண்கள் ஒருத்தியை ஒருத்தி அறிந்திருந்தார்களா என்று ஒரு குரல் கேட்டது. துவாயை மடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

நாங்கள் இருக்கும் மாநிலத்தின் பெயர் விக்டோரியா. விக்டோரியன் அரசாங்கம், விக்டோரியன் பள்ளிக்கூடங்கள் என்று செய்தியில் நாள்தோறும் கேட்டுப் பழகிய காதுக்கு வேறு என்ன விளங்கும்?

"எந்தப் பக்கமாம் பிள்ளை? கிரான்பர்ன் பக்கமோ?" என்று கேட்டேன்.

அவள் கத்தியை வைத்துவிட்டுச் சிரித்தாள். "அம்மா, அது லண்டன். விக்டோரியா மகாராணி காலம். நூறு வருசத்துக்கும் மேலை."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பஸ்ஸில் என்னோடு வரும் அக்காவைச் சில கிழமைகளாகக் காணவில்லை.

முதியோர் இல்லம் ஒன்றில் உடுப்புத் தோய்க்கும் வேலை எனக்கு. அங்கே ஒவ்வொரு சட்டையின் கழுத்திலும் பெயர் தைத்திருக்கும். அத்தனை பேருடைய பெயரும் எனக்குப் பாடம், ஆனால் ஒருவரோடும் நின்று கதைத்தது கிடையாது. இந்த அக்காவோடு மாதக்கணக்காகக் கதைத்தேன், பெயர் தெரியாது. எங்களுக்குள் பெயர் கேட்கும் வழக்கமில்லை. ஊரைக் கேட்போம், பிள்ளைகளைக் கேட்போம், அதற்கு மேல் 'அக்கா' போதும். அவரும் என்னை அக்கா என்றார், நானும் அவரை அக்கா என்றேன். யார் மூத்தவள் என்ற வழக்குக் கடைசிவரை தீரவேயில்லை.

அவர் தமிழ்நாடு. இரண்டு பக்கமும் மூக்குத்தி. மகனுடைய பிள்ளையைப் பார்க்க வந்தவர். பிள்ளையைப் பகல் காப்பகத்தில் சேர்த்த பிறகு பார்க்க ஒன்றும் இல்லை. முதல் நாள் என் பக்கத்தில் உட்கார்ந்து, யாரிடமோ சொல்வதுபோல, "பையன் என்கிட்ட பேசறதே இல்லக்கா" என்றார்.

"நீங்கள் குடுத்து வைச்சனீங்கள்" என்றேன் நான்.

அவர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். யாழ்ப்பாணத்தில் பேசுவது என்றால் ஏசுவது. திட்டாத மகன் கிடைப்பது பெரிய காரியம்தானே என்று நினைத்துத்தான் சொன்னேன். விளக்கிச் சொன்னதும் சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்து முந்தானையால் கண்ணைத் துடைத்தார். துடைத்த பிறகும் கண்ணீர் நிற்கவில்லை, அப்போதுதான் அவர் முதலில் சொன்னது என்னவென்று எனக்கு உறைத்தது. அதற்குப் பிறகு இரண்டு பாஷைக்காரிகள் மாதிரி ஒருத்தியை ஒருத்தி திருத்திக்கொண்டே போவோம்.

நான் வேலைக்கு இறங்கிவிடுவேன். அவர் கடைத்தொகுதிவரை போய், அங்கே ஒரு கதிரையில் இருந்து சனங்களைப் பார்த்துவிட்டு, மகன் வருவதற்கு முன் வீடு திரும்புவார். ஒன்றும் வாங்குவதில்லை. "எங்க வீட்டுல செவுத்தோட செவுரா இருக்கணும்க்கா. இங்க உக்காந்தா நாலு முகமாவது தெரியுது" என்பார். ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் வெளிய வர்றது பையனுக்குத் தெரியாது. தெரிஞ்சா மனசு உடைஞ்சிடுவான். உங்களோட இருக்கட்டும்" என்றார். நான் தலையாட்டினேன்.

அப்படிப்பட்டவர் ஊருக்குப் போவதென்றால் 'போயிட்டு வாறன்' என்று ஒரு சொல் சொல்லாமல் போவாரா?

மகள் மறுபடி போனை ஓடவிட்டாள். அந்த லண்டன் பெண்கள் அன்றன்றைக்குக் கட்டில் வாடகை கொடுத்துப் படுத்த ஏழைகள், நடக்கும் தூரத்துக்குள்ளே இருந்தவர்கள், இருந்தாலும் ஒருத்திக்கு ஒருத்தியைத் தெரியும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று அந்தக் குரல் முடித்தது.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "ஆதாரமாம் ஆதாரம். ஒரே தெருவிலை திரிஞ்சவளவை. சந்தியிலை கண்டு, குளிருதெண்டு ரெண்டு சொல்லுக் கதைச்சிருப்பாளவை. அதை ஆர் எழுதி வைக்கிறது?"

"அம்மா, ஏன் இப்ப இந்த ரென்ஷன்?" என்றாள் மகள். சொன்னேன். அவள் அடுப்பை அணைத்தாள். "பேர் என்ன?" என்றாள். தெரியாது. "நம்பர்?" இல்லை. "போட்டோ?" இல்லை. "அப்ப அவவை எப்பிடித் தெரியுமெண்டு சொல்லுறீங்கள்?"

அவர் உப்பைக் குறைத்துச் சாப்பிடுவது தெரியும். எந்த முழங்கால் நோகும் என்று தெரியும். புருஷன் செத்த அன்று அழுகை வராமல் போனது தெரியும். இதையெல்லாம் வைத்துக்கொண்டு எந்தப் பொலிசில் போய் ஆளைத் தேடுவது?

ஒரு அடையாளம் மட்டும் இருந்தது. அவர்கள் பக்கத்து வீடுகள் எல்லாம் ஒரே அச்சு, ஒரே சாம்பல் நிறம். அவருக்கே தன் வீடு பிடிபடாதாம். அடுத்த வீட்டுக்காரன் வாசலில் நீலப் படங்குத்துணி போட்டு மூடி ஒரு படகை நிறுத்தியிருக்கிறான், அதைப் பார்த்துத்தான் திரும்புவாராம். "அதுவும் நானும் ஒண்ணுதான்க்கா, வந்ததுலேர்ந்து தண்ணியவே பாக்கல" என்று சொல்லியிருந்தார்.

மகள் காரை எடுத்தாள். அவர் ஏறும் பஸ் தரிப்பிடத்துக்குப் பின்னால் தெருத் தெருவாகப் போனோம். படகை நான்தான் முதலில் கண்டேன். பக்கத்து வீட்டு மணியை மகள்தான் அடித்தாள்.

கதவைத் திறந்தவர் சப்பாத்தில்லாமல் காலில் வெறும் மேசோடு நின்றார். கண் இரண்டும் வீங்கியிருந்தன. அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு படம், அதற்கு மாலை. இரண்டு பக்கமும் மூக்குத்தி.

"தம்பி, அம்மா..." என்றேன்.

"அம்மா தவறிட்டாங்க ஆன்ட்டி. ஹார்ட் அட்டாக். ஊருக்குக் கொண்டுபோய் எல்லாம் முடிச்சுட்டு இப்பதான் திரும்பி வந்தோம். நீங்க யாருன்னு...?"

"எனக்கு அவவைத் தெரியும் தம்பி. பஸ்ஸிலை வாறவ."

"பஸ்லயா?" அவர் முகம் சுருங்கியது. "இல்லீங்க. அம்மா வெளிய எங்கயும் போக மாட்டாங்க. வழி தப்பிடும்னு நான்தான் போக வேணாம்னு சொல்லியிருந்தேன். வீட்லதான் நிம்மதியா இருந்தாங்க. அவங்களுக்கு இங்க யாரையும் தெரியாது."

உண்மையைச் சொல்லப்போனால், தாயோடு கதைக்காத மகன் என்று அவர் மேல் கோபத்தோடுதான் வந்திருந்தேன். எங்கள் ஊர்ப் பேச்சாக நாலு பேச்சுப் பேசிவிட்டு வரவேண்டும் என்றுதான் காரில் வரும்போது நினைத்தேன். அவர் தன் தாயின் படத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். நிம்மதியாக இருந்தாங்க என்ற அந்த ஒரு சொல்லைத்தான் அந்த மனிதன் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அதையும் நான் பறிப்பதா? உங்களோட இருக்கட்டும் என்று அக்கா என் கையைப் பிடித்துச் சொன்னதும் என்னோடுதான் இருந்தது.

"அப்ப அது வேறை ஆளாக்கும் தம்பி" என்றேன். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ. உங்கடை அம்மாவை எனக்குத் தெரியாது."

அவர் தலையாட்டினார். அவர் முகம் கொஞ்சம் இளகியதைக் கண்டேன். படத்தை இன்னொரு தரம் பார்க்க வேண்டும்போல் இருந்தது. தெரியாத ஆளின் படத்தை எப்படி நின்று பார்ப்பது? திரும்பி நடந்தேன்.

மகள் காரைக் கொஞ்சத் தூரம் ஓட்டிப்போய் ஓரமாக நிறுத்தினாள்.

"அவதானே அம்மா?"

"ஓம்."

அவள் ஏன் என்று கேட்கவில்லை. பிறகு, "உங்களுக்கு ஒண்டு நடந்தா நான் ஆருக்குச் சொல்லோணும்?" என்று கேட்டாள்.

யோசித்துப் பார்த்தேன். நான் பஸ்ஸில் ஏறாவிட்டால் ஏன் ஏறவில்லை என்று கேட்கக்கூடிய ஆள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அந்த ஆளை எனக்குத் தெரியாது என்று இப்போதுதான் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

"ஒருத்தருக்கும் சொல்லத் தேவையில்லை பிள்ளை" என்றேன். "எனக்கு இஞ்சை ஒருத்தரையும் தெரியாது."