ஒதுக்கச் சொன்ன பனைகள்

ஜீப்பின் முன்சக்கரம் இரண்டும் அச்சு வரைக்கும் சேற்றில் இறங்கிவிட்டன. மேடம் கீழே குதித்து, முழங்கால் சேற்றில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். எண்ணூர் கழிமுகத்துக்கு வடக்கே கைவிடப்பட்ட உப்பளம் அது. ஞாயிற்றுக்கிழமை காலை. நான் வடத்தின் நுனியை இழுத்துக்கொண்டு கரையில் நின்ற சீமைக்கருவேலத்துக்குப் போனேன். "சாக்கு வெச்சுக் கட்டுங்ண்ணா" என்று கத்தினார். மரத்துப் பட்டையை வடம் அறுக்கும். அதற்காகவே வண்டியில் இரண்டு கோணிச் சாக்கு எப்போதும் கிடக்கும். "இத்த நாளைக்கு நாமளே வெட்டப் போறோம் மேடம்" என்றேன். "வெட்டறது நம்ம வேலைங்ண்ணா. நாம போய்ச் சேத்துல விழுந்ததுக்கு அது எதுக்குத் தோலு உரியோணும்?" என்றார். சாக்கு வைத்துத்தான் கட்டினேன். வண்டி வெளியே வர ஒரு மணி நேரம் ஆனது. வந்ததும் மறுபடி அதே சேற்றுக்கு வேறு பக்கமாக வண்டியைத் திருப்பினார்.

நான் மரம் வெட்டுகிறவன். ஐந்தாவதோடு படிப்பு நின்றது. தண்டையார்பேட்டையில் வீடு. என்னோடு சேர்த்து எட்டுப் பேர் கேங். காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு கம்பெனிக்கு வருடாவருடம் ஒப்பந்தத்தில் வேலை. கம்பெனி பெரியது, நிலம் அதைவிடப் பெரியது. சவுக்கு, வேம்பு, பூவரசு, பனை, நடுவில் இரண்டு குளம், ஒரு பக்கம் மணல்மேடு, ஒரு பக்கம் கழிமுகம். அத்தனையையும் பார்த்துக்கொள்ளும் அதிகாரிதான் மேடம். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். என்னை அண்ணா என்பார். எனக்கு மேடம் என்பதைத் தவிர வேறு எதுவும் வாயில் வராது.

அவரால் உட்கார முடியாது. ஆபீசில் நாற்காலி இருந்தது, அதில் அவர் பைதான் உட்காரும். பேசும்போது ஜீப் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே இருப்பார். ஆறு நாள் நிலத்தைச் சுற்றுவார். ஏழாவது நாளும் வீட்டில் இருக்க மாட்டார். ஏலத்தில் எடுத்த பழைய ஜீப், நாலு சக்கரமும் இழுக்கும். ரோடு இருக்கிற இடத்தில் அதை ஓட்டுவது அவருக்குப் பிடிக்காது. டயரில் பாதிக் காற்றை இறக்கிவிட்டு மணல்மேட்டில் ஏற்றுவார். எந்த மணல் தாங்கும், எது சக்கரத்தை உள்ளே வாங்கும் என்று எனக்குத் தெரியும், அதனால் கூட்டிப்போவார். இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொண்டதில்லை. அவருக்கு வண்டிச் சத்தம் போதும். எனக்கு அதுவும் வேண்டாம்.

என் மனைவியின் தம்பி என் கேங்கில் மரம் ஏறுகிறவன். வாய் நீளம். "மாமா, ஞாயித்துக்கெயமகூட மேடத்தோட சேத்துல குளிச்சிட்டு வர. வூட்ல அக்கா தண்ணி புடிச்சு வெச்சா மட்டும் குளிக்க மாட்டேன்ற" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

கழிமுக ஓரத்தில் பதினோரு பனை இருந்தன. கம்பெனி அந்த வழியாக லாரி ரோடு போட முடிவு செய்தது. பனையை வெட்ட வேண்டிய அனுமதியும் வாங்கியாகிவிட்டது. மேடம் விடவில்லை. ரோட்டைக் கொஞ்சம் வளைத்தால் போதும் என்று நாலு மாதம் மேலதிகாரிகளோடு சண்டை போட்டார். படம் வரைந்து காட்டினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜீப்பை அந்தப் பனைகளுக்கு நடுவே நிறுத்திவிட்டு, "நாளைக்குக் கடைசி மீட்டிங்குங்ண்ணா" என்றார். சாவி சுற்றவில்லை. கைக்குள் இறுக்கிப் பிடித்திருந்தார். தோற்றால் வேலையை விட்டுவிடுவேன் என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு வந்தார். இரண்டு நாள் தூங்காத முகம். வண்டியை விட்டு இறங்கவில்லை, இன்ஜினை அணைக்கவும் இல்லை. "ரோடு வேலை ஆரம்பிக்கறாங்ண்ணா. ஓரத்துல இருக்கற கருவேலம் பூரா எடுத்துருங்க. அந்தப் பதினோரு பனையையும் ஒதுக்கிருங்க. நான் திருவொற்றியூர் போய்ட்டு மத்தியானம் வர்றேன்" என்றார். வண்டி போய்விட்டது.

எங்கள் கேங்கில் ஒதுக்குவது என்றால் மரத்தைச் சாய்த்து, துண்டு போட்டு, இடத்தைச் சுத்தமாக்கிக் கொடுப்பது. வடசென்னையில் எந்த மரக்காரனைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வான். ஆனால் இரண்டு வருடத்தில் அந்த வார்த்தையை அவர் வாயில் நான் கேட்டதே இல்லை. வெட்டுவதென்றால் வெட்டச் சொல்வார். வைப்பதென்றால் விடச் சொல்வார். எனக்கு ஒரு நொடி உறுத்தியது. என் மச்சானும் கேட்டான்: "இன்னா மாமா, மேடம் தோத்துட்டாங்களா?" "அப்டிதான் போல" என்றேன். போன் சட்டைப் பையில்தான் இருந்தது. எடுக்கவில்லை. தோற்றவரைக் கூப்பிட்டு, தோற்றுவிட்டீர்களா என்று கேட்க எனக்கு மனசு வரவில்லை. மரியாதை என்று நினைத்தேன். அவர் வருவதற்குள் முடித்துவிட்டால், சாய்வதையாவது அவர் பார்க்க வேண்டியதில்லை என்றும் நினைத்தேன். அதனால் வேகமாக வெட்டினோம்.

பனை சுலபத்தில் விழாது. வைரம் பாய்ந்த மரம், ரம்பத்தின் சங்கிலியை மழுக்கிவிடும். இரண்டு சங்கிலி மாற்றினோம். பதினோராவது விழும்போது மணி பன்னிரண்டரை. குலை குலையாக நுங்கு சிதறிக் கிடந்தது. ஆட்கள் பசியோடு உட்கார்ந்து சீவ ஆரம்பித்தார்கள். என்னால் உட்கார முடியவில்லை. விழுந்த மரங்களைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தேன்.

ஜீப் வந்தது. மேடம் இறங்கினார். என் மச்சான் எழுந்து ஓடி, சீவிய நுங்கை நீட்டினான். "சாப்புடுங்க மேடம், நல்ல எளசு."

அவர் அதைக் கையில் வாங்கிக்கொண்டார். கண் மட்டும் மரங்களை எண்ணிக்கொண்டிருந்தது. "ஜெயிச்சிட்டனுங்ண்ணா" என்றார். "ரோடு வளைஞ்சு போகுது. இதை விட்டு வெக்கத்தானே ஒதுக்கச் சொன்னேன்."

அவர் ஊரில் ஒதுக்குவது என்றால், தொடாமல் தனியே விட்டு வைப்பது. அன்று அதைத் தெரிந்துகொண்டேன். அசதியில் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது அவருக்கு. அவ்வளவுதான் நடந்தது.

கம்பெனியில் விசாரணை வைத்தார்கள். இந்தப் பனைக்காகச் செலவு செய்து ரோட்டை மாற்றியாகிவிட்டது, இப்போது பனையும் இல்லை, யார் பதில் சொல்வது என்று கேட்டார்கள். பெரிய அதிகாரி ஏசி அறையில் என்னை நிற்க வைத்துக் கேட்டார். மேடம் எதிரே உட்கார்ந்திருந்தார். அவர் நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"மேடம் உன்கிட்ட என்ன சொன்னாங்க?"

"பனைய ஒதுக்கிடச் சொன்னாங்க சார்."

"ஒதுக்கறதுன்னா?"

"சாய்ச்சு, சுத்தம் பண்றது."

"சந்தேகம் எதுவும் வரலியா உனக்கு?"

எட்டு வீட்டு அடுப்பு என் கண் முன்னால் வந்தது. சந்தேகம் வந்தது என்று சொன்னால் கேட்காதது என் தப்பு, ஒப்பந்தம் போகும். "இல்ல சார்" என்றேன்.

மேடம் தன் ஊர் அர்த்தத்தை விளக்கினார். இரண்டு பேர் சிரித்தார்கள். தவறான உத்தரவு கொடுத்தார் என்று அவர் மேல் எழுதி, வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். எங்கள் ஒப்பந்தம் தொடர்ந்தது. போகிற அன்று கேட்டில் ஜீப்பை நிறுத்தி, "வர்றனுங்ண்ணா" என்றார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தூங்கியிருப்பேன்.

மூன்று வருடம் ஆகிறது. அந்த இடத்தில் இப்போது லாரிகள் வரிசையாக நிற்கின்றன. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை. காரணம் இல்லாமல் எண்ணூர் பஸ் ஏறுகிறேன், இறங்குகிறேன், மணலில் நடக்கிறேன், திரும்புகிறேன். வேலையில் எதையும் இரண்டு தடவை கேட்கிறேன். "வெட்டவா, வைக்கவா?" இப்போதுள்ள அதிகாரி எரிச்சல்படுகிறார். படட்டும்.

போன மாதம் மேடம் போன் செய்தார். குரலுக்குப் பின்னால் வண்டிச் சத்தம். ஒரு பெரிய இடத்தில் காடு வளர்க்கும் வேலைக்கு மனு போட்டிருக்கிறார். இங்கே எழுதிய அந்த வரி குறுக்கே நிற்கிறது. இதற்கு முன்பும் இரண்டு இடத்தில் அதனாலேயே தள்ளிவிட்டார்களாம்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறனுங்ண்ணா. அன்னிக்கு உங்களுக்கு நெசமாவே சந்தேகம் வரலீங்களா?"

"வந்துச்சு மேடம்."

வண்டிச் சத்தம் நின்றது. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"அதை எழுதிக் குடுப்பீங்களா?"

"குடுக்கறேன்."

மச்சானிடம் சொன்னேன். குதித்தான். "மெண்டலா மாமா நீ? மூணு வருசம் முன்னால செத்த பனைக்கு இப்ப காரியம் பண்ணப் போறியா? எட்டு வூடு கீது பின்னால. அத்த நென்ச்சியா?"

"நென்ச்சேன். அன்னிக்கு அத்த மட்டுந்தான் நென்ச்சேன்."

அவன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாவது நாள் ஒரு தாளும் பேனாவும் கொண்டுவந்து எதிரே உட்கார்ந்து, "சொல்லு, எய்தறேன். உன் கையெய்த்து கோயி கிண்டுன மாரி கீது" என்றான். வேண்டாம் என்று நானே எழுதினேன். ஐந்து வரி. மேடம் எந்தச் சொல்லைச் சொன்னார், அதை அதற்கு முன் அவர் சொன்னதில்லை, எனக்குச் சந்தேகம் வந்தது, போன் இருந்தது, கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை கம்பெனி ஆபீசில் கொடுத்தேன். கவுண்டரில் இருந்தவர் ராயபுரத்துக்காரர், பழகியவர். "இன்னா நைனா, லீவு லெட்டரா?" என்று பிரித்தார். படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். முகம் மாறியது.

"இத்த உள்ள அனுப்பிச்சா இன்னா ஆவும்னு தெரியும்ல?"

"தெரியும்."

"அன்னிக்கு உன்ன யாரும் கேக்கலியா?"

"கேட்டாங்க. இல்லன்னு பொய் சொன்னேன். ரெண்டு காப்பி எடுத்துச் சீல் போட்டுக் குடுங்க. ஒண்ணு மேடத்துக்கு அனுப்பணும்."