வெள்ளிக்கிழமை மீன்

செவ்வாய்க்கிழமை காலை கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ் நகராமல் நின்றபோது எஸ்தர் அக்காவின் மகள் அழைத்தாள். "அம்மா போயிட்டா, அன்ரி" என்றாள். இறங்கிப் பாலத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

அலுவலகத்தில் அவரோடு வேலை பார்த்த உங்கள் எல்லோருக்கும் தெரியும், கடவுளைப் பற்றிப் பேசாமல் அக்காவுக்கு ஒரு நாள் போகாது. ஆனால் பேச்சு எப்போதும் சாப்பாட்டு மேசையில்தான் தொடங்கும். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு வாழ்க்கைப்பட்டு வந்து எத்தனையோ வருடமாகியும் ஊர்ப் பேச்சு மாறாதவர். நோன்பு மாதத்தில் றிஸ்வான் நானாவிடம், "நேற்று எதை நினைச்சுக்கொண்டு பசியைத் தாங்கினீங்கள்?" என்று கேட்பார். அந்த மனிதர் தன் உம்மா தொழுத கதையில் ஆரம்பித்து ஓயமாட்டார். ஒருமுறை அவருடைய சபையிலிருந்து ஒருவர், எங்களுக்குக் கொடுக்கச் சொல்லித் துண்டுப் பிரசுரக் கட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். "கதைக்கத் தெரியாத ஆக்களுக்குத்தான் இது வேணும், தம்பி. எனக்கு வாய் இருக்கு" என்று அக்கா அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

என் தம்பி, ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் பிறந்த லயத்து வீட்டிலேயே இருந்தவன். அவன் இருதயம் பழுதானபோது, அவன் பிழைக்க வேண்டுமென்று வெள்ளிதோறும் மீன், இறைச்சி தொடாமல் மரக்கறி மட்டும் என முருகனுக்கு நேர்ந்துகொண்டேன். ஒரு வருடம், ஒரு வெள்ளிகூடத் தவறவில்லை. அவன் பிழைக்கவில்லை. துக்கம் விசாரித்தவர்கள் எல்லாம் ஆண்டவன் சித்தம் என்றார்கள்; எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று வருடத்துக்கு முன், வேலைக்குத் திரும்பிய முதல் வெள்ளிக்கிழமை, வேண்டுமென்றே மீன் பொரித்துக் கொண்டுபோனேன். பார்சலைப் பிரித்ததும், என் நேர்த்திக்கடன் தெரிந்த நீங்கள் எல்லோரும் மேசையில் தலை குனிந்துகொண்டீர்கள். எஸ்தர் அக்கா மட்டும் கதிரையை அருகே இழுத்துப் போட்டார்.

"வெள்ளியில மீன் கொண்டந்திருக்கிறீர். கோவமோ?"

"யாரு மேல?"

"உம்மட முருகனில."

"ஆமாக்கா. செத்தாலும் அவரு முகத்துல முழிக்க மாட்டேன்."

"நல்லது. இல்லாத ஆளோட ஒருத்தரும் கோவிக்கிறதில்லை" என்று சொல்லி, என் பார்சலிலிருந்து ஒரு துண்டு மீனை எடுத்துத் தின்றார். தம்பி போனபின் அன்றைக்குத்தான் என்னால் அழ முடிந்தது.

போன மாதம் அவர் படுத்த படுக்கையானார். நான் பார்க்கப் போன அன்று, கட்டிலைச் சுற்றிச் சபையார் நின்று ஜெபித்தார்கள். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். அக்காவின் உதடு அசையவில்லை. இவருடைய விசுவாசத்தைப் பார்த்து நாம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவரிடம் ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. நானும் கேட்காமல் வந்துவிடத்தான் எழுந்தேன். அவரைக் கேட்க நான் யார் என்ற தயக்கம். வாசல்வரை போனவள் திரும்பி வந்து, கதிரையைக் கட்டிலருகே இழுத்துப் போட்டேன்.

"கோவமாக்கா?"

அவர் கண் நிறைந்தது. "ஓம். நல்ல கோவம். பயமும் கிடக்கு. ஜெபம் வருகுதில்லை. இவையளுக்குச் சொன்னா உடைஞ்சு போவினம்." என் கையைப் பிடித்தார். "எனக்காக நீர் கேளும்."

"நானா? நான் அவரோட பேசியே மூணு வருஷமாச்சே!"

"அப்ப உம்மட குரலைக் கேக்க அவர் பாத்துக்கொண்டு இருப்பார்."

அன்று திரும்பும் வழியில் முருகன் கோயிலுக்குள் போனேன். சண்டை போடத்தான் போனேன். அக்காவின் பயத்தையாவது எடுத்துவிடு என்று சொல்லிவிட்டு வந்தேன். எடுத்தாரா, தெரியாது. கடைசி இரண்டு நாளும் அம்மா தூக்கத்திலேயே இருந்தார் என்று அடக்கத்தின்போது மகள் சொன்னாள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது, கதிரையை இழுத்துப் போட்டுக் கேட்கும் அந்த ஒரு கேள்வியைத்தான். இன்று வெள்ளி. மூன்று வருடத்துக்குப் பிறகு மரக்கறி கொண்டுவந்திருக்கிறேன், எந்த நேர்த்திக்கடனும் இல்லாமல். கோபம் தீரவில்லை, அக்கா. பேசிக்கொண்டிருக்கிறேன்.